சேலத்து வெயிலில் குடிக்காத தண்ணீரை ஏற்காட்டுக் குளிரில் குடிக்கிறானே?

கேள்வி:

டாக்டர், எங்கள் வீடு கன்னங்குறிச்சியில். ஜிம்மி நாலு வயது லாப்ரடார், ஆண், 24 கிலோ. மூன்று மாதம் முன்புவரை கடையில் வாங்கும் உருண்டைத் தீனிதான், நாளுக்கு 300 கிராம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், "அதில் ஈரமே இல்லை, நாயின் கிட்னி காய்ந்துவிடும்" என்று சொல்லி மாற்றச் சொன்னான். இப்போது எலும்போடு பச்சைக் கோழிக்கறி 600 கிராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டு ஈரல், நுரையீரல், அதுவும் பச்சையாகத்தான். அன்றிலிருந்து ஜிம்மி தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது. அரை லிட்டர் கிண்ணத்தில் ஒரு நாளுக்கு ஒன்றரைக் கிண்ணம்தான் காலியாகிறது. என் மாமியார் பயந்துபோய், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் தண்ணீர் எடுத்து அவன் வாயில் ஊற்றுகிறார்.

மாதத்தில் இரண்டு வார இறுதி ஏற்காட்டில், நாகலூர் பக்கம் எங்கள் காபித் தோட்டத்தில் இருப்போம். அங்கே ஃப்ரிட்ஜ் இல்லாததால் பழைய உருண்டையையே கொடுக்கிறோம். அங்கே போனால் இரண்டரைக் கிண்ணம் குடிக்கிறான்! போய் இறங்கியதும் மடமடவென்று குடித்துவிட்டு வாந்தியும் எடுக்கிறான். வெயிலில் குடிக்காதவன் குளிரில் குடிப்பது சர்க்கரை வியாதியாக இருக்குமோ? மகள் வளைகாப்பு முடிந்து வந்திருக்கிறாள், அவளும் இதையே சொல்லிப் பயமுறுத்துகிறாள். பின்குறிப்பு: இளநீர் கொடுக்கலாமா?

பதில்:

அம்மா, முதலில் அந்தப் பாலாடையைப் பிடுங்கி வையுங்கள். உங்கள் அத்தையின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தைக்கே புரை ஏறாமல் ஊற்றத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். நாயின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக் காய்ச்சலாக முடியலாம். தானாக எழுந்து போய்க் குடிக்கிற நாய்க்கு யாரும் வாயில் ஊற்ற வேண்டியதில்லை. பேரப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு பாலாடை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் புதிருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் கிண்ணத்தை அளந்து எழுதியிருப்பது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள், "நிறையக் குடிக்கிறான் டாக்டர்" என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் கையை அகல விரிப்பார்கள். நீங்கள் அளந்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. மீதி வெறும் கூட்டல்தான்.

நாயின் உடம்புக்குத் தண்ணீர் இரண்டு வழியில் போகிறது, கிண்ணம் வழியாகவும் சோறு வழியாகவும். உணவு உடம்புக்குள் எரியும்போதும் கொஞ்சம் தண்ணீர் உண்டாகும். அது இரண்டு உணவிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் விட்டுவிடலாம். எலும்பும் தோலும் சேர்ந்த பச்சைக் கோழியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அப்படியானால் 600 கிராமில் ஏறக்குறைய 400 மில்லி. உருண்டைத் தீனியில் இருப்பது நூற்றுக்கு எட்டு, பத்துதான். 300 கிராம் போட்டால் கிடைப்பது 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக் கரண்டி.

சேலத்தில் கிண்ணத்திலிருந்து 750, கறியிலிருந்து 400, ஆக 1,150 மில்லி. ஏற்காட்டில் கிண்ணத்திலிருந்து 1,250, உருண்டையிலிருந்து 30, ஆக 1,280 மில்லி. பார்த்தீர்களா? மலைக்கும் ஊருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ஒரு கிண்ணம் இல்லை, அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல். அந்த அரை டம்ளருக்கும் காரணம் உண்டு. உருண்டையில் உப்பு இருக்கிறது. தவிர தோட்டத்தில் ஜிம்மி சும்மா படுத்திருக்க மாட்டான், காபிச் செடிகளுக்கு நடுவே எதையாவது துரத்திக்கொண்டு இருப்பான். கன்னங்குறிச்சியில் மத்தியானம் முழுக்க மொசைக் தரையில் மின்விசிறிக்குக் கீழே வயிறு படப் படுத்துக் கிடப்பவன்தானே.

ஆரோக்கியமான நாய்க்கு எல்லாம் சேர்த்து ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி தேவை என்பது நாங்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. வெயிலிலும் ஓட்டத்திலும் கூடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தள்ளுகிறது. அப்படி இளைக்கும்போது போவதும் தண்ணீர்தான். ஜிம்மியின் 24 கிலோவுக்கு 1,200 முதல் 1,440 மில்லி. இரண்டு ஊரிலும் அவன் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். நாம் கிண்ணத்தை மட்டும் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம், அவன் கூட்டுத்தொகையைச் சரியாக வைத்திருக்கிறான்.

சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு என்றெல்லாம் நாங்கள் சந்தேகப்படுவது, குடிப்பது மட்டுமே கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டும்போது. ஜிம்மிக்கு அது 2.4 லிட்டர், உங்கள் கிண்ணத்தில் ஏறக்குறைய ஐந்து. பச்சைக் கறி தின்னும் நாய்க்கு அந்த அளவு வரும்வரை காத்திருக்கக் கூடாது, நாலு கிண்ணம் ஆனாலே வாருங்கள். அளவைவிட முக்கியம் ஒன்று உண்டு. உணவு மாறாமல், வெயில் மாறாமல் தாகம் மட்டும் மாறினால் அது நோயின் அடையாளம். உங்கள் வீட்டில் மாறியது உணவு.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. உருண்டையில் ஈரம் இல்லைதான். ஆனால் அதனால் கிட்னி காயாது. இரத்தம் ஒரு துளி கெட்டியானால் மூளை தாகத்தைக் கிளப்பிவிடும், சிறுநீரகம் சிறுநீரைச் சுண்டவைத்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். பூனை இந்த விஷயத்தில் கொஞ்சம் மந்தம், வறண்ட தீனி தின்னும் பூனை குறைவை முழுக்க ஈடுகட்டுவதில்லை. நாய் அப்படி இல்லை, எழுந்து போய்க் குடித்துவிடும். இணையத்தில் பூனைக்குச் சொன்னதை நாய்க்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

உருண்டை தின்கிற நாய்க்கு "சூடு பிடித்துவிட்டது, மூத்திரம் மஞ்சளாகப் போகிறது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. அவர்கள் பார்த்தது உண்மை. சுண்டிய சிறுநீர் மஞ்சளாகத்தான் இருக்கும். கூழும் மோரும் ஊற்றி வளர்த்த நாட்டு நாய்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிறம் உறுத்தும், ஏனென்றால் கூழில் பெரும்பங்கு தண்ணீர்தான். காலையில் முதலில் போவது மஞ்சளாக இருந்தால் கவலை வேண்டாம். நாள் முழுக்க அடர் மஞ்சளாகவே போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

வறண்ட தீனி உண்மையிலேயே கெடுதல் செய்வது வேறு இடங்களில். மொட்டை மாடியில் கட்டிப்போட்டு, பிளாஸ்டிக் மக்கில் வைத்த தண்ணீர் பத்து மணிக்கே கொதித்துப் போகிற வீடு. மூட்டுவலியால் எழுந்து போகச் சோம்பும் கிழ நாய். இரண்டு நாய் இருந்து, ஒன்று கிண்ணத்துக்குக் காவல் உட்காருகிற வீடு. ஏற்கனவே மூத்திரப்பையில் கல் வந்த நாய். இவர்களுக்கு நான் ஈரமான உணவைத்தான் எழுதிக் கொடுப்பேன். நீர்த்த சிறுநீரில் கல் சேர்வது குறையும். ஜிம்மி இந்தப் பட்டியலில் இல்லை.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே உறுத்திய வரி தண்ணீரைப் பற்றியது இல்லை. "மகள் வளைகாப்பு முடிந்து வந்திருக்கிறாள்" என்ற வரியும், "நுரையீரல், அதுவும் பச்சையாக" என்ற வரியும்தான்.

கடைகளில் கோழி வெட்டுகிற பலகை, தொங்கவிட்ட கறி, நம் ஊர் ஏப்ரல் வெயில், மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருப்பது சாதாரணம். ஃப்ரீசரில் வைத்தால் அவை முழுக்கச் சாவதில்லை, மிஞ்சியவை தூங்குகின்றன. நாய்க்கு ஒன்றும் ஆகாமலே கூட மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும். அதே நாக்கால் உங்கள் மகளின் கையை நக்குவான், அத்தையின் காலடியில் தூங்குவான். கர்ப்பிணியும் வயதானவரும் இருக்கும் வீட்டில் இது வேண்டாத வம்பு. பச்சை ஆட்டுக்கறியைக் கையாள்வதில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் உண்டு, அது வயிற்றுப் பிள்ளையைத் தொடக்கூடியது. மகள் அந்தக் கறியைத் தொடவே கூடாது, அவள் சாப்பிடுகிற கறியும் நன்றாக வெந்திருக்க வேண்டும்.

ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். வெட்டும்போது தெளிந்த நீர் பீச்சி அடிக்கும், பார்த்திருப்பீர்கள். அது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் குடலில் புழு வளர்ந்து, மலத்தில் முட்டை வரும். முட்டை நம் வாய்க்குப் போனால் நம் ஈரலில் அதே கட்டி வளரும். நாய் நன்றாகவே இருக்கும், அறுவை சிகிச்சை மனிதருக்கு நடக்கும். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால், பிராசிகுவான்டெல் சேர்ந்த பூச்சி மருந்தை எடைக்குத் தக்கபடி உங்கள் மருத்துவரிடம் கேட்டு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஈரம் வேண்டும் என்று பச்சைக் கறிக்கு மாறுகிறோம். அதனால் ஒருமுறை வயிறு கெட்டால், மூன்று மாதம் கறியில் வந்த ஈரத்துக்கு அர்த்தமே இல்லாமல் ஒன்றரை நாளில் உடம்பு வற்றிவிடும். நான் கோடையில் குளுகோஸ் ஏற்றுகிற நாய்களில் உருண்டை தின்று வற்றி வந்தது என்று ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. வயிற்றுப்போக்கும் வெயிலும்தான் கொண்டுவந்து சேர்க்கின்றன.

கறியை வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். பெரிதாகப் போகாது, போனாலும் சாற்றில்தான் இருக்கும், சாற்றையும் கொடுக்கப்போகிறோம். ஆனால் வெந்த கோழியும் சோறும் மட்டுமே முழு உணவு ஆகாது. வெந்த எலும்பு ஊசியாக உடையும் என்பதால் எடுத்துவிடுவீர்கள், அதோடு கால்சியமும் போய்விடும். ஆகவே என் யோசனை: அடித்தளமாக உருண்டையே இருக்கட்டும், 270 கிராம். மேலே ஒரு கைப்பிடி எலும்பில்லாத வெந்த கோழி. அது வெந்த சாறு 300 மில்லி, ஆறவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, உருண்டை நனையும்படி ஊற்றுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், சாற்றில் ஒரு சின்ன வெங்காயம்கூடத் தட்டிப் போடக் கூடாது. கால் மணி நேரம் ஊறினால் போதும். ஊறிய தீனியை நம் ஊர் வெக்கையில் அரை மணிக்கு மேல் தரையில் விடாதீர்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இதை இரண்டு வேளையாகப் பிரித்து, பழைய உணவோடு கலந்து கலந்து ஏழு, பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். அப்போதும் கிண்ணம் ஒன்றரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும், ஏனென்றால் மீதியை நீங்கள் தட்டிலேயே ஊற்றிவிட்டீர்கள். மறுபடி அத்தை பயப்படாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏற்காட்டு வாந்திக்கும் இதிலேயே பாதி மருந்து இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பச்சைக் கறி, சனிக்கிழமை திடீரென்று உருண்டை என்றால் குடல் எப்படித் தாங்கும்? அதோடு 20 கொண்டை ஊசி வளைவு. நம்மில் பலருக்கே எட்டாவது வளைவில் எலுமிச்சம்பழம் தேவைப்படுகிறது. கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரம் முன்பே கொஞ்சமாகத் தீனி கொடுத்து முடியுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள், அடிவாரத்தில் ஒரு வாய், நடுவில் வண்டியை நிறுத்தி ஒரு வாய். மேலே போனதும் முழுக் கிண்ணத்தை வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு, கால் மணி கழித்து இன்னொரு பங்கு. வண்டியில் வாய் வறண்டு வருகிறவன் முழுக் கிண்ணத்தையும் காற்றோடு சேர்த்து விழுங்குவதால்தான் அப்படியே வெளியே வருகிறது. வாந்தி வராமல் வெறும் ஓங்கரிப்பு, வயிறு உப்பி மத்தளம் போல ஆகிறது என்றால் அது வேறு கதை. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ராத்திரி இரண்டு மணியானாலும் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிடுங்கள். தோட்டத்தில் தேங்கிய தண்ணீரையும், காபிப் பழம் உரித்து விடுகிற தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ தடுப்பூசி தவணை தவறியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் என்ன தண்ணீர் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற ஊர் நம்முடையது, பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து, மேட்டூர் தண்ணீர் வைத்தால் குடித்துத் தீர்க்கிற நாய்கள் என்னிடம் வருகின்றன. கடின நீரால் நாய்க்குக் கல் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நாயின் மெக்னீசியக் கல்லுக்குப் பெரும்பாலும் மூத்திரத் தொற்றுதான் காரணம். ஆனால் ருசி பிடிக்காவிட்டால் குறைவாகக் குடிக்கும், அவ்வளவுதான். நீங்கள் குடிக்கிற தண்ணீரையே வையுங்கள். வாய் அகன்ற மண்சட்டி நிழலில் நன்றாகக் குளிர்ந்து கிடக்கும். தினமும் உள்ளே கைவிட்டுத் தேயுங்கள், வழவழப்பு இருந்தால் அவனுக்கும் பிடிக்காது.

வீட்டில் பார்க்க மூன்று சோதனை. ஈற்றை விரலால் தொடுங்கள், வழுக்க வேண்டும், பசை போல ஒட்டக் கூடாது. ஈற்றை அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தோள்பட்டைக்கு மேலே தோலைத் தூக்கி விடுங்கள், சட்டென்று படிய வேண்டும். கடைசிச் சோதனையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உடம்பு எடையில் 5 சதவீதம் தண்ணீர் போன பிறகுதான் தோல் காட்டிக்கொடுக்க ஆரம்பிக்கும். ஜிம்மிக்கு அது 1.2 லிட்டர். குண்டு நாயின் தோல் வற்றிய பின்னும் படியும், கிழ நாயின் தோல் வற்றாமலே நிற்கும். வாந்தியோ பேதியோ இருக்கும் நாளில் வீட்டு எடை மெஷினில் அவனைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்தால் அது கொழுப்பு இல்லை, தண்ணீர்.

சர்க்கரைப் பயம் தீர ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவோம். நீளக் கம்பில் பழைய கரண்டியைக் கட்டி, காலையில் அவன் காலைத் தூக்கும்போது நீட்டிப் பிடியுங்கள். பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். கழுவிக் காயவைத்த சின்ன பாட்டிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று சிறுநீரில் தோய்க்கும் பட்டையும், எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று கருவியும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், சாதாரண நாயின் சிறுநீர் 1.015 முதல் 1.045 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரத்தம் எடுத்தால் என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். போன வருஷம் ஒரு ராஜபாளையம் வந்தது. ரிப்போர்ட்டில் யூரியா கொஞ்சம் கூடுதல், "கிட்னி போய்விட்டது" என்று யாரோ சொல்லி வீடே அழுதுகொண்டிருந்தது. விசாரித்தால் நாளெல்லாம் கறி மட்டுமே தின்னும் நாய். புரதம் கூடினால் யூரியா கூடும். சிறுநீர் நன்றாகச் சுண்டியிருந்தது, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஒழுங்காக இருந்தது. கிட்னிக்கு ஒன்றுமில்லை.

சொட்டுச் சொட்டாக மட்டும் போகிறான், முக்குகிறான், அரை நாளாகப் போகவே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள், ஆண் நாய்க்குக் கல் அடைக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் திடீரென்று குடம் குடமாகக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

இளநீர்? கொடுக்கலாம். ஒரு கால் டம்ளர், அதுவும் வாரத்தில் ஓரிரு நாள், வழுக்கை இல்லாமல். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே பேதியாகும் நாளில் மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். மீதியை மகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.